ஒரு நூல் இடைவெளி

புது அலமாரி செய்து வைத்திருக்கும் வீட்டுக்குப் போனால் எல்லோரும் மைக்காவின் நிறத்தைப் பார்ப்பார்கள், கைப்பிடியைத் தடவிப் பார்ப்பார்கள், சதுர அடி என்ன விலை என்று விசாரிப்பார்கள். என் கண் நேராக இரண்டு கதவுகளுக்கும் நடுவே இறங்கும் கறுப்புக் கோட்டுக்குப் போய்விடும். அது மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் இறங்குகிறதா, நடுவில் மெலிகிறதா, அடியில் விரிகிறதா? அதைப் பார்த்த பிறகுதான் நிறமும் விலையும். காபியோடு வரும் வீட்டுக்காரர்கள், நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துச் சங்கடப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோடு பெரும்பாலும் 3 மி.மீ. அகலம். பட்டறையில் அதற்கு ஒரு நூல் என்று பேர். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே ஒரு நூல் 3.175 மி.மீ. டேப்பில் மில்லிமீட்டர் வந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியும் "அரை நூல் தட்டுது", "ஒரு நூல் இழைச்சு விடு" என்ற பேச்சுதான் காதில் விழுகிறது. கதவைத் திறக்கும்போது அதன் விளிம்பு ஒரு வில்லாகச் சுழன்று வெளியே வருகிறது. பக்கத்துக் கதவை உரசாமல் வருவதற்கு அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். உரசாமல் இருந்தால் போதும் என்றால் 2 மி.மீ.யே தாராளம். மிச்சம் 1 மி.மீ. கண்ணுக்காக விடுவது. 3 மி.மீ. கோட்டில் அரை மி.மீ. பிசகினால் அது ஆறில் ஒரு பங்கு, ஒன்றரை மி.மீ. கோட்டில் அதே பிசகு மூன்றில் ஒரு பங்காகத் துருத்திக்கொண்டு நிற்கும். "கேப்பே தெரியக் கூடாது" என்று சொல்லும் வாடிக்கையாளர் இரண்டு மடங்கு துல்லியத்தைக் கேட்கிறார். கூலி மட்டும் பழைய கூலி. அதிலும் வெள்ளை மைக்காவாக இருந்துவிட்டால் தச்சர் தொலைந்தார். அடர்ந்த தேக்கு நிறத்தில் கறுப்புக் கோடு பாதி கரைந்துவிடும். வெள்ளையில் அது மை தொட்டு இழுத்தது போல் நிற்கும்.

நம் கண்ணின் சுபாவமே விசித்திரம். அளவைச் சொல்லச் சொன்னால் அது ஒன்றுக்கும் உதவாது. ஒரு கதவு 447 மி.மீ. அகலமா, 450ஆ என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. சாதாரணமாக நல்ல பார்வைக்கு எல்லை, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 0.3 மி.மீ. ஆனால் இரண்டு கோடுகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று பார்க்கும்போது அதே கண் பல மடங்கு கூர்மையாகிவிடுகிறது. இதை வெர்னியர் கூர்மை என்கிறார்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு மீட்டர் தூரத்திலிருந்து 0.05 மி.மீ. விலகலைக்கூடப் பிடித்துவிடும். அதனால்தான் எல்லாக் கோடுகளும் 4 மி.மீ. இருந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. மூன்று கோடுகள் 3 மி.மீ. இருந்து, நான்காவது மேலே 2, கீழே 4 என்று விரிந்தால், அடுப்படிக்குள் நுழைகிற மாமியார் உட்பட எல்லோருக்கும் "என்னமோ மாதிரி இருக்கே" என்று பட்டுவிடும். எது மாதிரி என்று சொல்லத் தெரியாது. அது தச்சருக்குத் தெரியும்.

அந்தக் கோடு பிறப்பது காகிதத்தில். 1800 மி.மீ. அகலப் பெட்டிக்கு நான்கு ஷட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவே மூன்று இடைவெளி, தலா 3 மி.மீ.; இரண்டு ஓரத்திலும் ஒன்றரை ஒன்றரை. ஆக 12. மீதி 1788ஐ நான்கால் வகுத்தால் ஒரு கதவு 447. பலகையை 447க்கே அறுத்தால் வேலை கெட்டது. விளிம்பில் 0.8 மி.மீ. எட்ஜ் பேண்ட் ஒட்ட வேண்டும்; இரண்டு பக்கமும் சேர்ந்து 1.6. ஆகவே அறுக்க வேண்டிய அளவு 445.4. இதை மறந்தால் ஒரு நூல் இடைவெளியில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் பட்டை தின்றுவிடும். இன்னும் ஒன்று: ரம்பத்தின் பல்லுக்கே 2, 3 மி.மீ. தடிப்பு உண்டு. பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. உண்டு. கோடு நிற்கும்படி அறுப்பதா, கோடு போகும்படி அறுப்பதா என்பதை வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்து, கடைசிப் பலகைவரை அதை மாற்றாமல் இருப்பவர் கையில்தான் நான்கு கதவுகளும் உடன்பிறந்தவை போல் வரும்.

பலகையோ தன் பெயருக்கே உண்மையாக இருப்பதில்லை. 18 மி.மீ. ப்ளைவுட் என்று பில்லில் இருக்கும். இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 303 விதி, 6 மி.மீ.யும் அதற்கு மேலும் தடிப்புள்ள ப்ளைவுட்டுக்கு 5 சதவீதம் கூடுதல் குறைவை ஒப்புக்கொள்கிறது. அதாவது 17.1லிருந்து 18.9வரை எதுவும் சட்டப்படி 18தான். நீளமான சுவருக்கு வரிசையாகப் பெட்டி போடும்போது ஆறு செங்குத்துப் பலகைகள் வருகின்றன, ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. மெலிந்திருந்தால் கடைசியில் 3.6 மி.மீ. கணக்கில் உதைக்கும். ஒரு நூலுக்கு மேல்! வரைபடத்தை மட்டும் நம்பிக் கதவை முன்கூட்டியே அறுத்தவர் இந்த இடத்தில்தான் மாட்டுவார். தேர்ந்தவர் பில்லைப் பார்ப்பதில்லை. வந்திறங்கிய பலகைகளின் கழிவுத் துண்டுகளை ஆறாக அடுக்கி, அமுக்கிப் பிடித்து, மொத்தத் தடிப்பை அளந்து ஆறால் வகுப்பார். ஒரு நிமிட வேலை. இதைச் செய்கிற ஆசாரியைப் பார்த்துவிட்டால் அந்த வீட்டின் மற்ற வேலையைப் பற்றி எனக்குக் கவலை போய்விடும்.

டேப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதன் முனையில் உள்ள கொக்கி லொடலொடவென்று ஆடும். கடையில் வாங்கும்போது "இது லூசா இருக்கு, வேற குடுங்க" என்று மாற்றிக் கேட்பவர்கள் உண்டு. அது ஆட வேண்டும். கொக்கியின் தடிப்பு எவ்வளவோ, சரியாக அவ்வளவு ஆட வேண்டும். பலகை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே வந்து தன் தடிப்பைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிறது. சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போய்த் தன்னையும் சேர்த்துக்கொள்கிறது. இவ்வளவு யோசித்துச் செய்த ஒரு லொடலொடப்பை வேறு எந்தக் கருவியிலும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் டேப்பும் ஒரு வரம்புக்குள்தான் உண்மை பேசும். ஐரோப்பிய விதிப்படி இரண்டாம் வகுப்பு டேப், 3 மீட்டரில் 0.9 மி.மீ.வரை தப்பலாம். ஆசாரியின் டேப் ஒரு பக்கமும் கையாளின் டேப் இன்னொரு பக்கமும் தப்பினால் இரண்டுக்கும் நடுவே 1.8 மி.மீ. அதனால் ஒரு வேலைக்கு ஒரே டேப். அதைவிடப் பழைய தந்திரம் அளவுக் குச்சி: மெல்லிய ரீப்பர் ஒன்றைச் சுவரோடு வைத்து, தட்டு எங்கே, டிராயர் எங்கே என்று அதிலேயே கோடு போட்டு எடுத்துவந்துவிடுவது. குச்சியில் எண் கிடையாது. எண் இல்லாததால் 69ஐ 96 என்று படிக்க வழியில்லை.

இத்தனை கவனமும் எங்கே போய் உட்காரப் போகிறது? சுவரில். சுவர் கொத்தனாருடையது. கொத்தனாருக்கு நூல் வேறு. (இதைச் சொன்னால் கொத்தனார்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் கையில் இருப்பது சிமெண்டும் மணலும்; அதிலும் இவ்வளவு நேர் கொண்டுவருவதே பெரிது.) ஜெர்மனியின் டிஐஎன் 18202 விதிகூடப் பூசி முடித்த சுவருக்கு ஒரு மீட்டர் நீளத்தில் 5 மி.மீ. மேடுபள்ளம்வரை விட்டுக்கொடுக்கிறது. நம் ஊர் அடுக்குமாடிகளில் அறை மூலை சரியாகத் தொண்ணூறு டிகிரி இருந்தால் அதிர்ஷ்டம். அரை டிகிரி கோணினாலும் இரண்டு அடி ஆழ அலமாரியின் முன்பக்கத்தில் 5 மி.மீ. சந்து விழுந்துவிடும்.

அதனால் சுவர்க் குழிக்குள் செய்யும் அலமாரியை ஒரே இடத்தில் அளக்கக் கூடாது. அடியில், நடுவில், மேலே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் சிறியதையும் நம்பாமல் இன்னும் குறைத்துப் பெட்டி செய்வார்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பட்டை வரும். ஃபில்லர் என்பார்கள். பெட்டி சதுரமாக, குண்டு பிடித்தது போல் நேராக நிற்கும். சுவரின் கோணல் முழுவதையும் அந்த இரண்டங்குலப் பட்டை வாங்கிக்கொள்ளும். பட்டையைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, பென்சிலை ஒரு சின்ன மரத்துண்டோடு சேர்த்துப் பிடித்து, துண்டு சுவரைத் தொட்டபடியே மேலிருந்து கீழே ஓட்டினால் சுவரின் ஏற்ற இறக்கம் அப்படியே பட்டையில் பதிந்துவிடும். பிறகு அந்தக் கோடு வரை இழைப்புளி. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நேர்ச்செங்குத்தாக இழைக்காமல், பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போகும்படி சரித்து இழைப்பார்கள். அப்போது சுவரைத் தொடுவது பட்டையின் முன் விளிம்பு மட்டும்தான், கத்தி முனை போல. இன்னும் ஒரு மயிரிழை உட்கார வேண்டுமென்றால் அந்த மெல்லிய விளிம்பில் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் போதும். இப்படிச் செய்த வேலையில் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையாது. செய்யாத வேலையில் வெள்ளைப் பட்டியும் சிலிக்கானும் பிதுங்கி நிற்கும். சிலிக்கான் குழாய் வந்த பிறகு இந்த இழைப்பு குறைந்துவிட்டது என்பது என் குறை.

பெட்டி சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க மூலைமட்டம் போதாது. அதன் கை குட்டை. பெட்டி பெரிது. மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பார்கள். 2100 உயரம், 900 அகலப் பெட்டி ஒன்றின் தலை 2 மி.மீ. பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் குறுக்களவுகளின் வித்தியாசம் 1.6 மி.மீ.தான் காட்டும். சின்ன எண்தானே என்று விட்டால் அந்த 2 மி.மீ. அப்படியே கதவுக் கோட்டில் ஆப்பு வடிவமாக வந்து உட்காரும். பெட்டிக்குப் பின்னால் ஆணி அடிக்கிற 6 மி.மீ. பலகையை வெறும் மறைப்பு என்று நினைப்பது தவறு. குறுக்களவு சரியான அந்தக் கணத்தில் பெட்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். அது சதுரமாக அறுபட்டிருந்தால் பெட்டி தானே சதுரத்துக்கு வரும்.

இனி ஹிஞ்ச். கதவின் உள்பக்கம் 35 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டக் குழி. அதில் ஒரு கிண்ணம். கிண்ணத்திலிருந்து பெட்டிப் பக்கம் நீளும் ஒரு கை. மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. மரவேலைக்குக் கிடைத்த மன்னிப்புப் பத்திரம் என்று இதைச் சொல்வேன். பழைய பித்தளைக் கீலைத் திருகி முடுக்கிவிட்டால் முடுக்கியதுதான். பிசகினால் கழற்றி, ஓட்டையை அடைத்து, மறுபடி. இந்த ஹிஞ்சில் முன்பக்கத் திருகு கதவைப் பக்கவாட்டில் நகர்த்தும், பின்பக்கத் திருகு உள்ளே வெளியே நகர்த்தும், பெட்டியில் பதித்த தட்டு மேலே கீழே நகர்த்தும். ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 2 மி.மீ. இருக்கிறது.

பக்கத்து வீட்டில் இந்தக் கடைசிக் கட்டத்தை முழுதாக நின்று பார்த்தேன். ஆசாரி அலமாரி பக்கமே போகவில்லை. எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். திருப்புளி கையாள் பையனிடம்.

"மேல் ஹிஞ்ச், முன் ஸ்குரூ. அரைச் சுத்து."

"வலக்கைப் பக்கமாண்ணே?"

"வலக்கைப் பக்கம்தான். ம்... வரட்டும், வரட்டும். நிப்பாட்டு. இப்ப அடி ஹிஞ்ச், அதே அரைச் சுத்து, இந்தப் பக்கமா."

மேலே ஒரு பக்கமும் கீழே எதிர்ப்பக்கமும் திருகினால் கதவு நகர்வதில்லை, திரும்புகிறது. விரிந்திருந்த கோடு கண்ணெதிரே நேராகிறது. கூடவே எதிர் ஓரம் மெல்ல உயர்கிறது. ஏழடிக் கதவில் ஹிஞ்சுகள் தூரத்தூர இருப்பதால், மேல் ஹிஞ்ச் 1 மி.மீ. நகர்ந்தால் ஒன்றரை அடிக்கு அப்பால் உள்ள ஓரம் கால் மி.மீ. மட்டும் ஏறும். பரண் கதவு போன்ற குட்டைக் கதவில் ஹிஞ்சுகள் அருகருகே இருக்கின்றன. அங்கே அதே 1 மி.மீ.க்கு ஓரம் 1 மி.மீ.க்கும் மேல் தாவிவிடும். பெரிய கதவை அரைச் சுற்றில் சரிசெய்தவர் குட்டைக் கதவில் கால் சுற்றுக்கும் பயப்படுவது இதனால்தான். கடைசியில் பையன் மூன்று மைக்கா துண்டுகளை ஒட்டிச் செய்த ஓர் அளவுகாட்டியை எடுத்தான். மைக்கா ஒன்று 1 மி.மீ.; மூன்று சேர்ந்தால் நூலுக்கு ஒரு துளிதான் குறைவு. அதைக் கோட்டுக்குள் மேலே செருகி, பிடித்தபடியே கீழ்வரை வழித்துக்கொண்டு வந்தான். எங்கும் சிக்கவில்லை, எங்கும் ஆடவில்லை. "வேணாம்டா, அதை எடுத்துப் பையில போடு, சரியாத்தான் இருக்கு" என்றார் ஆசாரி, சுவரை விட்டு நகராமலே.

ஹிஞ்ச் மூன்று திசைப் பிசகை மன்னிக்கும். முறுக்கை மன்னிக்காது. கதவு இறக்கை போல் திரிந்துவிட்டால், மேல் மூலை பெட்டியில் ஒட்டும்போது கீழ் மூலை விலகி நிற்கும். எந்தத் திருகும் அதற்கு வழி சொல்லாது. அந்த முறுக்கின் காரணம் பெரும்பாலும் யாரும் பார்க்காத பக்கத்தில் இருக்கிறது. வெளியே 1 மி.மீ. மைக்கா ஒட்டிவிட்டு, உள்ளே பெயிண்ட் போதும் என்று விட்டால் ஒரு பக்கம் ஈரத்தைத் தடுக்கும், மறுபக்கம் குடிக்கும், பலகை வளையும். உள்ளே ஒட்டும் மலிவான, மெல்லிய லைனர் மைக்கா அழகுக்கானது அல்ல. வெளி மைக்காவின் இழுப்புக்கு எதிர் இழுப்பு அது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். சிலநாள் கழித்துக் கதவு வளைந்தால் பழி மட்டும் ஹிஞ்சுக்கு.

டிராயரில் கண்ணைவிடக் கைக்கு வேலை அதிகம். டிராயரை ஓட வைக்கும் சேனல் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் கேட்கும். அதாவது நாலு நூல், 12.7 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து ஓர் அங்குலம். திறப்பைவிட ஓர் அங்குலம் குறைவாக டிராயர் பெட்டி. ஆனால் இந்தப் பிசகுக்கு இரண்டு பக்கமும் சம உரிமை கிடையாது. டிராயர் அரை மி.மீ. அகலம் குறைந்தால் சேனல் பொறுத்துக்கொள்ளும். இன்னும் குறைந்தால் பின்னால் ஒரு மைக்கா துண்டைச் சொருகி ஈடுகட்டலாம். அரை மி.மீ. கூடினால் குண்டுகள் நெரிபட்டு, இழுக்கும்போது ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பு வருஷக்கணக்காகக் கூடவே இருக்கும். அதனால் கெட்டிக்காரர்கள் சரியான அளவைக் குறிவைப்பதே இல்லை. ஒரு துளி குறைவைக் குறிவைப்பார்கள். நல்ல டிராயரை ஒற்றை விரலால், அதுவும் ஓரத்தில் தள்ளினாலும், அது கோணாமல் போய், கடைசி இரண்டங்குலத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு மூடும்.

சேனலே இல்லாமல் இந்தச் சுகத்தை எட்டியவர்கள் ஜப்பானியர்கள். நீகாட்டா மாகாணத்துக் காமோ என்ற ஊர் கிரி மரத்தில் செய்யும் தன்சு பெட்டிகளுக்குப் பேர் போனது. கிமோனோ வைக்கிற டிராயர் அலமாரி அது. கிரி மிகவும் லேசான மரம். டிராயரை அதன் பொந்துக்கு இழைத்து இழைத்துச் சேர்ப்பார்கள். ஒரு டிராயரை உள்ளே தள்ளினால், போக வழியில்லாத காற்று மேலே உள்ள இன்னொரு டிராயரை மெல்ல வெளியே தள்ளும். அப்படித் தள்ளினால்தான் வேலை தேறியது என்று அங்கே கணக்கு. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பிச் சந்தை இன்னும் இறுக்கி, உள்ளே இருக்கும் பட்டுத் துணியைக் காக்கும். நம் ஊரில் மரம் உப்பினால் "கதவு பிடிக்குது" என்று தேய்க்க ஆள் தேடுகிறோம்; அங்கே அந்த உப்பலையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

நம் பழைய தேக்கு அலமாரிகளிலும் அந்த யோசனை இருந்தது, வேறு வழியில். தேக்கு அசையாத மரம் என்பார்கள். அசையும்; குறைவாக அசையும். பச்சையிலிருந்து முழுக்க உலரும்வரை, ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்குகிற மரம் அது. வளையத்துக்குக் குறுக்கே 2.5 சதவீதம். 400 மி.மீ. அகலமான தேக்குப் பலகையின் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 14க்கு ஏறினால் அகலம் ஏறத்தாழ 3 மி.மீ. கூடும். மறுபடியும் அதே ஒரு நூல்! அதனால்தான் சட்டத்தின் உள்விளிம்பில் பள்ளம் எடுத்து, நடுப்பலகையை அதற்குள் பசை போடாமல் சும்மா நிறுத்தினார்கள். சட்டம் அசையாது, பலகை உள்ளேயே வந்து போகும். பர்மா தேக்கு இழைத்த செட்டிநாட்டு வீட்டு அலமாரிகளுக்கு முன்னால் நின்றால் நான் தேடுவது, அந்தப் பலகையும் சட்டமும் சேரும் இடத்தை. கோடையில் பலகை சுருங்கும்போது, மட்டமான வேலையாக இருந்தால் ஓரத்தில் பாலிஷ் படாத வெளுத்த கீற்று ஒன்று வெளியே வந்துவிடும். சட்டத்தில் கோத்த பிறகு பாலிஷ் போட்டதற்கு அத்தாட்சி. கோப்பதற்கு முன்பே பலகையின் விளிம்பு வரை பாலிஷ் போட்டவருடைய வேலையில் அந்தக் கீற்று எந்தக் கோடையிலும் வராது. இரண்டு கதவும் சேரும் இடத்தில் ஒன்றின் மேல் ஒரு பீடிங் அடித்து மற்றதன் மேல் படிய விட்டிருப்பார்கள். இடைவெளி 2 மி.மீ. ஆனாலும் 5 ஆனாலும் பீடிங்குக்கு அடியில். அந்தக் காலத்து ஆசாரிகளுக்கு நூல் பிடிக்கத் தெரியாமல் இல்லை. ஐப்பசிக்கும் சித்திரைக்கும் நடுவே மரம் செய்யப்போவதை அறிந்து, கோட்டையே கண்ணுக்கு எட்டாமல் வைத்துவிட்டார்கள். எனக்கு இது இன்றைய வெள்ளை மைக்காக் கோட்டைவிடப் பெரிய வேலை.

தொழிற்சாலையில் செய்து வரும் மாடுலர் கிச்சன்களைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டேன். 5 மி.மீ. துளைகள், 32 மி.மீ.க்கு ஒன்று, முன் விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி என்று ஐரோப்பா முழுக்க ஒரே கணக்கில் போட்டு, எந்த ஊர் ஹிஞ்சும் எந்த ஊர்ப் பெட்டியிலும் உட்காரும்படி செய்துவிட்டார்கள். எட்ஜ் பேண்ட் ஒட்டுவதில் இயந்திரத்துக்கு முன் கை நிற்க முடியாது. கையால் ஒட்டியது பசைக் கோடு காட்டும். அவர்களுடைய விட்டுக்கொடுப்பும் ரசிக்கத் தகுந்ததுதான். 600 மி.மீ. அடுப்புப் பொந்துக்குள் வரும் ஓவனின் முகப்பு 595. பாத்திரம் கழுவும் இயந்திரம் 598. எல்லாரும் 600 என்றே பேசுகிறார்கள். ஒருவரும் 600 செய்வதில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் வந்து சேர்வதும் நம் கோணல் சுவருக்குத்தான். அங்கே கடைசி ஃபில்லரை இழைக்க மறுபடி ஒரு ஆசாரி வேண்டும்.

"எவ்வளவு பிசகு வரை ஒப்புக்கொள்ளலாம் சார்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. என் கணக்கு இது: கதவுக் கோட்டின் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளின் முகம் விரலால் தடவினால் தட்டக் கூடாது. அடுத்தடுத்த டிராயர்களின் தலை விளிம்பு ஒரே நேரில் ஓட வேண்டும்; இதில் மட்டும் அரை மி.மீ.கூடக் கொடுக்க மாட்டேன். தட்டின் உயரம் சொன்னதைவிட 3 மி.மீ. ஏறியிருந்தால் என்ன, இரண்டு முனையும் ஒன்றாக ஏறியிருந்தால் போதும். அலமாரியின் மொத்த அகலம் வரைபடத்தைவிட 4 மி.மீ. குறைந்தது என்று டேப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுபவர்களோடு எனக்கு ஒட்டாது. அந்த 4 மி.மீ. எங்கே போனது என்று பார்த்தால் ஃபில்லரில் போயிருக்கும். அதற்காகத்தானே ஃபில்லர்.

பிசகு இல்லாத வேலை கிடையாது; அதைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் கை தெரிகிறது. சமையலறைக் கீழ் டிராயர் வரிசையில் நான்கு டிராயர். நடுவே உள்ள மூன்று கோடுகளும் ஒரு நூல், அச்சு அசலாக. மிச்சம் சொச்சம் முழுவதும் மேல் டிராயருக்கும் கிரானைட் கல்லுக்கும் நடுவே ஏற்றப்பட்டிருக்கும். கல் ஓர் அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே எப்போதும் நிழல். 5 மி.மீ. இருந்தாலும் குனிந்து பார்த்தால்தான் தெரியும். பரணில் என்றால் சீலிங் பக்கம், தரையில் என்றால் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால். மட்டமான வேலையில் அதே 5 மி.மீ. இரண்டாவது டிராயருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே, நின்றபடி பார்க்கிற கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கும்.

எப்படிச் செய்தாலும் முதல் மழைக்காலம் முடிந்ததும் கோடுகள் கொஞ்சம் கலையும். பாத்திரங்களின் பாரத்தில் ஹிஞ்ச் ஒரு துளி இறங்கும், பெட்டி தரையில் ஒரு துளி உட்காரும். ஆசாரி திரும்ப வந்து, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று, அரைச் சுற்று கால் சுற்று என்று சொல்ல அரை நாள் ஆகும். சதுர அடிக் கூலியில் அந்த அரை நாள் எங்கும் வராது. வேலை பேசும்போதே அதற்குத் தனியாக ஒரு தொகை சொல்லி வைத்துவிடுங்கள். ஃபோன் போட்டால் மறுநாளே வந்துவிடுவார்.